ஏழு விநாடி

எங்கள் நிலையத்தில் பேச்சு
ஏழு விநாடி கழித்துத்தான் காற்றில் ஏறும்.
நடுவில் இருப்பது நான்,
என் வலது சுட்டுவிரல்,
ஜாடி மூடி அளவுக்கு ஒரு சிவப்புப் பொத்தான்.
கெட்ட வார்த்தைக்காக வைத்தது.
பதினோரு வருடத்தில் நான்கு முறை அழுத்தியிருக்கிறேன்.
மூன்று குடிகாரர்கள், ஒரு பாதிரியார்.

வெர்லின் ஸ்கூன்ஹோவனின் காலை நிகழ்ச்சி,
ஒன்பதிலிருந்து பன்னிரண்டு.
வடமேற்கு அயோவாவில்
டிராக்டர் கூண்டுகளிலும் பால் கறக்கும் கொட்டகைகளிலும்
அவர் குரல்தான்.
பள்ளி வரியை உயர்த்தலாமா,
எல்லைச் சுவர் எங்கே நின்றுபோனது,
நூலகத்தில் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில்,
தலைநகரத்துக் கனவான்களுக்கு
எங்கள் சேற்றைப் பற்றி என்ன தெரியும்.
அவர் சொல்வதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம்.
இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்,
பின்னால் யாரும் என்னை நல்லவளாக்கிவிடக் கூடாது.

“வேலிக்குள்ளே நான் ராஜா”
அவர் தினமும் சொல்வது.
கோப்பையில் அச்சடித்து விற்கிறோம், பன்னிரண்டு டாலர்.

செவ்வாய், பத்து நாற்பது, இரண்டாம் இணைப்பு.
கெர்ரிட் டென் ஹெர்டர். அறுபது பசு,
ஓவர்வெல்ட்டுக்கு மேற்கே.
அடிக்கடி கூப்பிடுகிறவர், கூப்பிட்டால் ஆமாம் போடுகிறவர்.
ரேடியோவைக் குறையுங்கள் என்றேன்.
கொட்டகையில் ஓடுகிறது,
நிறுத்தினால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்றார்.
விட்டுவிட்டேன்.

“வெர்லின், குழாய் பதிக்க வந்துவிட்டார்கள்.
எத்தனால் ஆலைப் புகையை மண்ணுக்கடியில் கொண்டுபோக.
என் சோளக் கொல்லைக்குக் குறுக்கே.
முடியாது என்றேன். கோர்ட்டுத் தாளோடு வந்தார்கள்.
வேலிக்குள்ளே நான் ராஜா என்றீர்களே,
அந்தக் கோப்பையில்தான் காப்பி குடிக்கிறேன்.
உங்கள் நிகழ்ச்சிக்குப் படியளப்பதும்
அதே ஆலைதானே?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வெர்லின் வாயைத் திறந்தார். மூடினார்.
இருபத்தாறு வருடம் சொல்லுக்குப் பஞ்சம் காணாத வாய்.
கை மட்டும் எழுந்தது,
கழுத்தருகே, குறுக்காக,
ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி மெதுவாக.

கேட்டு முடிக்கவே இரண்டு விநாடி போயிருந்தது.
மூன்று.
அந்தக் கேள்வி என் மேசையில் மட்டும் இருக்கிறது,
கவுன்டியில் இன்னும் யாரும் கேட்கவில்லை.
நான்கு.
என் வீடு எரிந்த மாதம்
வெர்லின் காற்றில் கையேந்தி
எனக்குக் கூரை போட்டுக் கொடுத்தார்.
ஆலைதான் முதல் காசோலை அனுப்பியது.
ஐந்து.
அழுத்தினேன்.

தொலைபேசிக்குள்ளிருந்து
அவர் கொட்டகை ரேடியோ எனக்குக் கேட்டது:
அந்தக் கோப்பையில்தான் காப்பி குடிக்கிறேன்,
உடனே சோள விதை விளம்பரம், பாஞ்சோ இசையோடு.
நடுவில் தையல்கூடத் தெரியவில்லை.
எனக்கு வேலை தெரியும்.

அவர் இணைப்பை வெட்டவில்லை.
கறவை எந்திரம் இழுத்து விடும் சத்தம்.
ஒரு மாடு இருமியது.
“ம்” என்றார் கெர்ரிட்.
விளம்பரம் முடியும்வரை அப்படியே இருந்தோம்.

இடைவேளையில் வெர்லின்
காதுக்கருவியைக் கழற்றினார், என்னைப் பார்க்கவில்லை.
நாளைக்கு அதைப் பேசலாம் என்றார்.
பிறகு, நாளைக்கு வேண்டாம் என்றார்.
அவருக்கும் எண்பது ஏக்கர் இருக்கிறது.
குழாய் அரை மைல் தள்ளிப் போகிறது.

புதன், பத்து நாற்பது, இரண்டாம் இணைப்பு.
எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள்
என்று கேட்பது என் வேலை. கேட்டேன்.
“உனக்குத் தெரியும்” என்றார்.
பின்னால் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.
குறைக்கச் சொல்லவில்லை.

வெர்லின் பார்க்கும் திரையில் தட்டினேன்:
கெர்ரிட், ஓவர்வெல்ட். மழை பற்றி.
பிறகு வலது கையை
என் தொடைக்கு அடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.